கையாற் கட்டிய ஏரியல்

நம் கல்லூரிப் பௌதிகக் கட்டிடத்து மொட்டைமாடியில் நடப்பட்ட கம்பத்தின் உச்சியினின்று கறுப்புக் கம்பிகள் இரண்டு, ஒன்று மேற்கேயுள்ள வேப்பமரத்தை நோக்கியும், மற்றொன்று விளையாட்டிடத்தின் ஓரத்திலுள்ள இரும்புக் கால் ஒன்றை நோக்கியும் சரிந்து செல்வதை இவ்விதழைப் படிப்போருட் பலர் கண்டிருப்பர். அது யாது என்று வினவியோர் சிலரே. திருத்தும்பொருட்டு நாம் அதனைத் தாழ இறக்கி வைத்திருந்த ஒருநாள், விடுதிக் காவலர் தம் துண்டை அதன்மேல் உலர்த்திவிட்டு, 'நல்ல உறுதியான கொடி, ஐயா' என்று பாராட்டவும் செய்தார். கொடியன்று அது, வானொலிக்குரிய ஏரியல். இக்காலத்தார் ஆண்டெனா என்பர். அதனை அளந்து கட்டிச் சுருதி சேர்த்த வகையையும், சுருதி சேர்ந்துவிட்டதென்று நம்பி ஏமாந்த கதையையும் ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

பொருளீட்டும் நோக்கமின்றி, பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமாகத் தாமே வானொலி அலைகளை அனுப்பியும் பெற்றும் உரையாடுவோர் அமெச்சூர்கள் எனப்படுவர். ஹாம் என்பது அவர்க்கு வழங்கும் செல்லப்பெயர். தமிழ்நாட்டிற்கு இத்துறை புதிதன்று. 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவி, அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே ஒலிபரப்பும் தொடங்கினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றது. 1930இல் சென்னை நகராண்மைக் கழகத்தார் ஒலிபரப்பை மேற்கொண்டனர். அகில இந்திய ரேடியோ என்னும் பெயர் தோன்றியதோ 1936இல்தான். எனவே, அரசாங்கத்தாரின் பெரிய நிலையங்களுக்கு முன்னரே ஆர்வலரின் கம்பி இந்நாட்டு வானில் தொங்கியது என்க.

இக்காலத்தில் ஒலியலை அனுப்ப விரும்புவோர் மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்தார் நடத்தும் பரீட்சையில் தேறி உரிமம் பெறல் வேண்டும். உரிமம் பெற்றார்க்கு அழைப்புக்குறி ஒன்று அளிக்கப்படும். நம் நாட்டுக் குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும். கைப்பேசி எல்லார் கையிலும் இருக்க இத்தொல்லை எதற்கு என்பார்க்கு ஒரு செய்தியை நினைவூட்டுவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் குழுவினருடன் அந்தமானிலுள்ள போர்ட் பிளேரில் அமெச்சூர் நிலையம் ஒன்றை அமைத்து, 'வி.யு.4 ஆர்.பி.ஐ.' என்னும் குறியுடன் உலகத்தாரோடு உரையாடிக்கொண்டிருந்தார். அத்திங்கள் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசித் தொடர்பு அற்றுப்போன தீவுகளினின்று தலைநிலத்திற்குச் செய்திகள் அந்நிலையத்தின் வழியே வந்தன. பொழுதுபோக்காகக் கட்டிய நிலையம் ஒரே காலைப்பொழுதில் உயிர்நிலையாயிற்று.

இனிக் கம்பிக்கு வருவோம். அது குறித்த நீளத்தினதாக இருத்தல் வேண்டுமென்பது ஏன்? 1887, 1888ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியிலுள்ள கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் பேரறிஞர் மின்காந்த அலைகளை முதன்முதல் எழுப்பிக் காட்டியபோது, நடுவே சிறு இடைவெளி விட்ட இரு நேர்கம்பிகளையே கருவியாகக் கொண்டார். நம் ஏரியலும் அதன் வழித்தோன்றலே. இரட்டைக் கைகளையுடைய இதற்கு டைப்போல் என்று பெயர். வீணைத் தந்தியை மீட்டுங்கால், அதன் நீளத்திற்கும் இறுக்கத்திற்கும் இயைந்த சுருதியே எழுகின்றதன்றோ? கம்பியிலும் மின்னோட்டம் ஒரு முனையினின்று மறுமுனைக்கு ஓடி, அங்கே போக்கிடமின்றித் திரும்பி ஊசலாடுகின்றது. ஊசலாடும் காலமும் நாம் ஊட்டும் அலையின் காலமும் ஒத்தால் மட்டுமே கம்பி முழுமனத்துடன் இசைகின்றது. அப்பொழுது நடுவில் மின்னோட்டம் மிகுதியாகவும், முனைகளில் மின்னழுத்தம் மிகுதியாகவும் நிற்கும். முனைகளை ஒருவரும் தொடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

கணக்கு எளிது. அலை ஒரு வினாடியில் ஏறக்குறைய 30 கோடி மீட்டர் செல்லும். நாம் தெரிந்துகொண்ட அதிர்வெண் 7.1 மெகாஹெர்ட்ஸ்; நம் நாட்டு அமெச்சூர்களுக்கு 7.0 முதல் 7.2 வரை விடப்பட்டுள்ள பகுதியின் நடுவிடம் அது. 300ஐ 7.1ஆல் வகுக்க அலைநீளம் 42.25 மீட்டர், அதிற் பாதி 21.1 மீட்டர். ஆயின் உண்மைக் கம்பியில் முனைகளின் விளைவால் இதனினும் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து குறைந்த நீளமே போதும். ஆதலின் 143ஐ அதிர்வெண்ணால் வகுத்து மீட்டராகவும், 468ஐ வகுத்து அடியாகவும் கொள்வது வழக்கம். நமக்குக் கிடைத்தது 20.14 மீட்டர், அதாவது கைக்குப் பத்து மீட்டர் ஏழு சென்டிமீட்டர்.

இப்பகுதியைத் தெரிந்தமைக்கும் காரணமுண்டு. நிலத்தினின்று பத்து மீட்டர் அளவே உயர்த்திய கம்பியினின்று 7 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் மேனோக்கியே எழும். எழுந்து, 250, 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள மின்னேறிய காற்றடுக்கில் தாக்கி, நீரூற்றின் துளிகள்போல் சுற்றிலும் நிலத்தில் விழும். ஆதலின் பகற்பொழுதில் மலை மறைப்பையும் கடந்து அண்டை மாவட்டங்கள் அனைத்தும் கேட்கும். கம்பத்தை உயர்த்த இயலாமை ஈண்டு குறையன்று. நெடுந்தொலைவை விரும்புவார்க்கே உயரம் இன்றியமையாதது. இரவில் அவ்வடுக்கின் இயல்பு மாறுமாதலின் அண்டையூர் மறைந்து அயல்நாடு கேட்பதும் உண்டு.

பொருள்கள் யாவும் கடைத்தெருவிற் கிடைப்பனவே. வீட்டு மின்னிணைப்பிற்குரிய 1.5 சதுர மில்லிமீட்டர் பல்லிழைச் செம்புக் கம்பி, முனைகளுக்கு முட்டை வடிவப் பீங்கான்கள், நடுவிணைப்பிற்கு பி.வி.சி. குழாய்த் துண்டொன்று; 50 ஓம் கோஆக்சியல் கேபிள் 20 மீட்டர்; வெயிலுக்கு மட்காத பாலியெஸ்டர் கயிறு. நைலான் கயிறு மலிவென்று வாங்கினோம். இரண்டு கோடைகளில் அது பொடிந்து போயிற்று. கேபிளின் நடுநரம்பை ஒரு கைக்கும், வலைப்பின்னலை மற்றொரு கைக்கும் ஈயம் பற்றவைத்து இணைத்தல் வேண்டும். இரு கைகளும் நேர்கோடாக நின்றால் நடுவில் 73 ஓம் அளவான தடை தோன்றும் என்பது வெட்டவெளிக் கணக்கு. கைகளைக் கீழ்நோக்கிச் சரித்தால் அது குறைந்து 50ஐ நெருங்குகின்றது. ஒரே கம்பமும் போதுமாகின்றது. கைகளுக்கு இடைப்பட்ட கோணம் 90 பாகைக்குக் குறையாதிருத்தல் நன்று.

நடுவிணைப்பின் அடியில், அகன்ற குழாயொன்றின்மேல் கேபிளையே பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினோம். இதனைச் செய்யாது விடின், வலைப்பின்னலின் வெளிப்புறமே மூன்றாவது கையாகி அலையை உமிழத் தொடங்கும். அந்நிலையில் கேபிளைக் கையால் பற்றினாலே அளவுகள் மாறும். அறையிலுள்ள ஒலிபெருக்கியும் நாம் பேசும்போதெல்லாம் உடன் உளறும்.

மரத்தில் கயிறேற்றியது மாணவர்க்குத் திருவிழாவாயிற்று. தூண்டில் நரம்பின் முனையில் ஈயக்குண்டைக் கட்டி உண்டிவில்லால் எய்து, கிளையைக் கடந்து விழுந்த நரம்பில் சணலையும், சணலில் கயிற்றையும் பிணைத்து இழுத்தனர். காற்றில் மரம் அசையுமாதலின் கயிற்றைக் கிளையிற் கட்டாது, கப்பியொன்றின் வழியே விட்டு, மறுமுனையில் மணல் நிரப்பிய தகரத்தைத் தொங்கவிட்டோம். கிளை வளையுந்தோறும் தகரம் ஏறியிறங்கக் கம்பி அறாது நிற்கின்றது.

இவ்விடத்தே ஒன்றைக் கண்டிப்பாகக் கூறல் வேண்டும். நாம் முதலில் தெரிந்தெடுத்தது வேப்பமரத்தையன்று, தெருவோரத்துப் புளியமரத்தையே. அது மிக உயரமானது. ஆனால் அதனருகே மின்சாரக் கம்பிகள் ஓடுகின்றன. கம்பி அறுந்து எப்பக்கம் வீழ்ந்தாலும், எறிந்த கயிறு எவ்வளவு தவறிப் போனாலும், மின்சாரக் கம்பியை எட்டாத இடமே ஏரியலுக்குரிய இடம். இதில் ஓரடிச் சலுகையும் இல்லை. முனைகள் ஆள் கைக்கெட்டாத உயரத்தில் நிற்றல் வேண்டும். இடி முழங்கும் மாலைகளில் கேபிளைக் கருவியினின்று கழற்றி வெளியே விட்டுவிடுகின்றோம். தொலைவில் முழங்கும்போதே கழற்றவேண்டுமேயன்றி, தலைக்குமேல் வந்தபின் கேபிளைத் தொடலாகாது.

சுருதி சேர்க்கும் வேலை இதற்குப் பின்னரே தொடங்கிற்று. சூத்திரம் சொன்னதினும் மிகுதியாக, கைக்குப் பத்தரை மீட்டராகக் கம்பியை வெட்டியிருந்தோம். மிகுந்ததைக் குறைப்பது எளிது. குறைந்ததை ஒட்டுவதோ பற்றவைப்பும் பழுதும் ஆகும். முற்காலத்தில் இதனை அளக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியிருந்தன. இன்று நானோ வி.என்.ஏ. என்னும் சட்டைப்பைக் கருவியே போதும். அது காட்டும் அளவிற்கு நிலையலை விகிதம், சுருக்கமாக எஸ்.டபிள்யு.ஆர்., என்று பெயர். அனுப்பிய ஆற்றல் சிறிதும் திரும்பாவிடின் 1. நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பினால் 1.5, ஒன்பதில் ஒரு பங்கு திரும்பினால் 2.

அளந்தபோது விகிதம் மிகத் தாழ்ந்த இடம் 6.65 மெகாஹெர்ட்ஸாக இருந்தது. கம்பி நீளமென்பது தெளிவு. இருக்கும் நீளத்தை இருக்கும் அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டும் அதிர்வெண்ணால் வகுத்தால் வேண்டும் நீளம் வரும். 21ஐ 6.65ஆல் பெருக்கி 7.1ஆல் வகுக்க 19.67, கைக்கு 66 சென்டிமீட்டர் மிகை. உடனே கத்தரிக்கோலை எடுத்த மாணவரைத் தடுத்து, முதலில் 50 சென்டிமீட்டர் மட்டும் மடக்கிக் கம்பியோடு சேர்த்துக் கட்டச் செய்தோம். மீண்டும் ஏற்றி அளக்க 6.98. பின்னும் 16 மடக்க 7.1க்கு மிக அண்மையில் வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் இறக்குதலும் ஏற்றுதலும் வேண்டும். தாழ இருக்கும் கம்பி காட்டும் எண் உயர்ந்த கம்பிக்குப் பொருந்தாது. மூன்று மாலைகள் இவ்வாறு கழிந்தன.

ஆக, சூத்திரம் சொன்னதற்கும் வேப்பமரம் சொன்னதற்கும் ஏறக்குறைய அரை மீட்டர் வேற்றுமை. சூத்திரம் பிழையன்று. கம்பியின்மேலுள்ள பி.வி.சி. உறை அலையின் விரைவைச் சிறிது தடுக்கின்றது. கைகளின் சரிவு, நிலத்தின் அண்மை, இலைகளின் அண்மை யாவும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. மழை நனைத்தால் சுருதி சற்று இறங்கும். மெல்லிய செம்பு நாளடைவில் நீளுமாதலின் ஆண்டுதோறும் சிறிது இறங்கும். இறுதியில் நம் ஏட்டிற் குறித்துக்கொண்ட அளவுகள் இவை: 7.1இல் 1.3, இரு ஓரங்களாகிய 7.0இலும் 7.2இலும் 1.8. மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் நண்பர்கள் பத்து வாட் ஆற்றலிலேயே நம் குரலைத் தெளிவாகக் கேட்டனர்.

இனி ஏமாந்த கதை. அவ்வாண்டுக் கார்த்திகை மழை கழிந்து, தைத் திங்களில் மீண்டும் அளந்தோம். 7.1இல் 1.2! ஓரங்களிலும் 1.2 அளவே! மழையும் காற்றும் நம் ஏரியலைச் சீர்செய்துவிட்டன என்று மகிழ்ந்தோம். உடனிருந்த முதலாண்டு மாணவர் ஒருவர், 'ஐயா, ஓரத்தில்கூட இவ்வளவு நன்றாக இருப்பது எப்படி?' என்று கேட்டார். கம்பி நன்கு படிந்துவிட்டது என்று ஏதோ கூறி அவரை அடக்கினோம். அன்று அவ்வினாவிற்குச் செவி சாய்த்திருந்தால் ஒன்பது திங்கள் வீணாகியிரா.

பின்னர் விடைகள் குறைந்தன. சூரியப் புள்ளிகளின்மேல் பழி சுமத்தினோம். வானத்தில் உள்ளதாதலின் அஃது எதிர்வாதம் செய்வதில்லை. பிறர் குரல் முன்போலவே நமக்குக் கேட்டமையால் ஐயம் எழவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், இடர்க்காலச் செய்திகளைக் கைமாற்றிப் பழகும் ஒத்திகை ஒன்றை அமெச்சூர் நண்பர்கள் ஏற்பாடு செய்தனர். மூன்று செய்திகளை நாம் அனுப்பவேண்டியிருந்தது. குறித்த நேரத்தில் அழைத்தோம், பன்முறை அழைத்தோம். அவர்கள் நம் நிலையத்தின் பெயரைச் சொல்லித் தேடுவது நமக்குக் கேட்டது; நாம் விடையிறுப்பது அவர்க்குக் கேட்கவில்லை. இறுதியில் 'அந்நிலையம் இல்லை போலும்' என்று கூறி மேற்சென்றனர். ஒத்திகையாதலின் வெட்கத்தோடு முடிந்தது. மாணவர் சிலர் அன்றிரவு விடுதிக்கு உணவுக்கும் செல்லாமல் கருவியருகே அமர்ந்திருந்தனர்.

மறுநாள், முன்னர் வினவிய அம்மாணவரே மாடியேறி, கேபிளின் மேல்முனையை ஏரியலினின்று கழற்றிவிட்டார். கேபிளின் முனை வெறிதே நின்றால், சென்ற ஆற்றல் அனைத்தும் திரும்புதல் வேண்டும். குறையற்ற கேபிளாயின் விகிதம் மிகப் பெரிய எண்ணாகக் காட்டல் வேண்டும். கருவி காட்டியதோ 1.5! ஏரியலே இல்லாதபோதும் 'நன்று' என்றே அக்கருவி கூறிற்று.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1.5 என்றால் திரும்பியது நூற்றில் நான்கு பங்கு, அதாவது இருபத்தைந்தில் ஒன்று. போகும்போது ஐந்தில் ஒரு பங்கும், திரும்பும்போது அவ்வைந்திலொன்றில் மீண்டும் ஐந்தில் ஒரு பங்குமே மிஞ்சினாலன்றி இவ்வெண் வாராது. எனவே நாம் ஊட்டிய பத்து வாட்டில் எட்டு வாட் கேபிளிலேயே வெப்பமாய் அழிந்தது; இரண்டே வாட் மேலே சென்றது. அவ்விரண்டிலும் ஏரியல் ஏற்க மறுத்ததைத் திருப்பியனுப்பினால், அதுவும் வரும் வழியில் அழிந்துவிடும். கீழேயுள்ள கருவிக்கு ஒன்றும் தெரியாது. இத்தகைய கேபிளின் முனையில் விகிதம் 3 உள்ள கெட்ட ஏரியலை வைத்தாலும், கீழே 1.2 என்றுதான் காட்டும். நாம் மகிழ்ந்த எண்ணும் அதுவே.

கேட்கும் திறன் குறையாதது போலத் தோன்றியமைக்கும் காரணம் விளங்கிற்று. 7 மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சல் மிகுதி. பழுதுற்ற கேபிள் வரும் குரலையும் இரைச்சலையும் ஒருங்கே குறைத்தது. இரண்டின் விகிதம் மாறாமையால் செவிக்கு வேற்றுமை தோன்றவில்லை. அனுப்பும்போதோ நம் குரல் மட்டும் குறைந்தது. மதுரையிலுள்ள இரைச்சல் குறையவில்லை.

நடுவிணைப்பைப் பிரித்தபோது உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருந்தது. நாம் சுற்றியிருந்த சாதாரண நாடா வெயிலில் உரிந்து, மழைநீர் வலைப்பின்னலின் வழியே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், கேபிளுக்குள் இறங்கியிருக்கின்றது. மேலுறையைக் கீறிப் பார்க்க, பல மீட்டர் தொலைவிற்குப் பின்னல் கறுத்துக் கிடந்தது. அத்தகைய கேபிளை உலர்த்தியும் பயனில்லை. புதியது வாங்கினோம். இணைப்பின்மேல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாக ஓட்டுவரிசைபோல் சுற்றி, அதன்மேல் சாதாரண நாடாவையும் சுற்றினோம். குழாய்த் துண்டின் அடியில் நீர் கசிந்து வெளியேறச் சிறு துளையிட்டோம். அறைக்குள் நுழையுமுன் கேபிளைச் சன்னலுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டோம். வழிந்து வரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.

புதிய கேபிளின் முனையை வெறிதே விட்டு அளந்தபோது கருவி பத்தைத் தாண்டிக் காட்டிற்று. ஏரியலை இணைத்தபின் நடுவில் 1.4, ஓரங்களில் 1.9. முன்னைய 1.2ஐ நோக்க இவை தாழ்ந்த மதிப்பெண்களே. ஆயினும் அன்று மாலையே மதுரை நண்பர், 'இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?' என்று வினவினார்.

இப்பொழுது அறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. புரட்டாசியில் ஒரு முறையும் தையில் ஒரு முறையும் கம்பியை இறக்கி, கேபிளின் முனையைக் கழற்றி அளந்த எண்ணை முதற் பத்தியிலும், ஏரியலோடு அளந்த மூன்று எண்களை அடுத்த பத்திகளிலும் மாணவர் எழுதுகின்றனர். முதற் பத்தியின் எண் பத்துக்குக் கீழே இறங்கினால் மற்றவற்றைப் படிக்கவேண்டுவதில்லை என்று அத்தாளின் தலைப்பில் அம்மாணவரின் கையெழுத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது. இறக்கி வைக்கும் அவ்விரு நாட்களிலும் துண்டு உலர்த்தக் காவலருக்கு நாமே அனுமதி அளித்துள்ளோம்.